தென்னேரியில் பொங்கிய பன்னீர் சோடா!

காஞ்சிபுரம் என்றதும் நம் பெண்மணிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டுப் புடவை. அடுத்தது காமாட்சியம்மனும் வரதராஜப் பெருமாளும். மூன்றாவதாக, மந்தாரை இலை வாசனையோடு காஞ்சிபுரம் இட்லி. இந்த மூன்றையும் முடித்துக்கொண்டு பஸ் ஏறி விடுகிறோம். கொஞ்சம் தள்ளி, வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற சாலையில் தென்னேரி என்று ஓர் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் பெரியம்மா மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

ஊருக்குப் பெருமையே அதன் ஏரிதான். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் 'திரையன் ஏரி' என்று இருந்ததுதான் தென்னேரி ஆயிற்று என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். கரைமேல் ஏறி நின்றால் எதிர்க்கரை மங்கலாகத் தெரியும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் போனால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அதன் மேல் நாரைக் கூட்டம், கீழே பச்சைப் பசேலென்று நெல் வயல். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பழைய சிவன் கோவிலும் ஊரில் இருக்கிறது. சாயங்காலம் கூட்டமில்லாமல் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம்.

சென்ற தை மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாமா பட்டுத் தறி நெய்கிறவர். பெண், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் உத்தியோகம். நாலு நாள் முன்னதாகவே வரச் சொல்லி அக்கா ஆள் விட்டதால் நான் தாம்பரத்திலிருந்து மூட்டை முடிச்சோடு போய் இறங்கினேன்.

வந்தது ஒரு சிக்கல்

புடவை, பூ, சாப்பாடு எல்லாம் முடிவாகி விட்டது. சிக்கல் வந்தது குடிக்கிற சமாசாரத்தில்! மாப்பிள்ளையின் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். நல்ல பெண், கலகலப்பாகப் பேசுகிறவள். இரண்டு நாள் முன்பு அம்மாவுடன் வந்தவள், "அத்தை, மோதிரம் மாற்றினதும் ஒரு ஷாம்பெயின் பாட்டில் திறந்தால் போட்டோ ரொம்ப நன்றாக இருக்கும். நான் வாங்கி வந்து விடுகிறேன். ஆளுக்கு ஒரு வாய்தானே!" என்றாள்.

அக்கா முகம் கறுத்து விட்டது. காரணம் எனக்குத் தெரியும். அக்காவுடன் பிறந்த அண்ணன் நல்ல நெசவாளி. அவர் கை பட்ட கோர்வைச் சேலையைப் பார்த்து வியக்காதவர்கள் இல்லை. குடி பிடித்துக்கொண்டது. தறிக்கு வாங்கிய முன்பணமெல்லாம் சாராயத்தில் போயிற்று. நாற்பத்திரண்டு வயதில் ஈரல் கெட்டுப் போய் விட்டார். அண்ணி இன்றைக்கும் அடுத்தவர் தறியில் உட்கார்ந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பாட்டில் உள்ளே வந்ததில்லை.

ஆனால் இது சம்பந்தி வீட்டு விஷயம். முதல் பேச்சிலேயே 'மாட்டேன்' என்று சொன்னால் பெண்ணை நாளைக்கு எப்படி நடத்துவார்களோ என்று அக்காவுக்குப் பயம். சரி என்று சொன்னாலோ அண்ணி எந்த முகத்தோடு அந்தக் கூடத்தில் உட்காருவாள்? ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தூங்காமல் இதையே பேசிக் கொண்டிருந்தோம்.

ஷாம்பெயின் என்றால் என்ன?

எதையும் தெரிந்து கொண்டுதான் மறுக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுநாள் காலை அந்தப் பெண்ணையே உட்கார வைத்துக் கேட்டேன். எனக்குத் தெரிந்திருந்ததும் அவள் சொன்னதும் சேர்ந்தது இது:

ஷாம்பெயின் என்பது பிரான்ஸ் தேசத்தில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே விளைந்த திராட்சையில் செய்த நுரைக்கும் ஒயினுக்குத்தான் அந்தப் பெயர் வைக்கலாம். நம் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்பெயினில் செய்தால் காவா, இத்தாலியில் ப்ரொசெக்கோ. நம் நாட்டில் நாசிக் பக்கம் செய்வது வெறுமே 'ஸ்பார்க்ளிங் ஒயின்'தான். வெளிநாட்டில் தினப்படிக்கு விலை குறைந்த ப்ரொசெக்கோ, காவா. கல்யாணம், பிறந்த நாள் என்றால் ஷாம்பெயின். நாம் வீட்டுக்கு நூல் புடவை, விசேஷத்துக்குப் பட்டு என்று வைத்திருக்கிறோமே, அந்தக் கணக்குதான்.

முதலில் சாதாரண ஒயினாகச் செய்து, பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடி விடுகிறார்கள். உள்ளே மறுபடி புளிக்கிறது. அதில் உண்டாகும் வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு! அதனால்தான் தடித்த கண்ணாடியும், தக்கைக்கு மேல் கம்பிக் கட்டும். ப்ரொசெக்கோவுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது புளிப்பு பெரிய தொட்டியிலேயே நடந்து விடுவதால் செலவு குறைவு.

லேபிளில் 'ப்ரூட்' என்று இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. 'டெமி செக்' என்றால் 32 முதல் 50 கிராம் வரை, நல்ல தித்திப்பு. இதைக் கேட்டதும் எனக்கு ஓர் ஆச்சரியம். நாம் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் கலரில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறதே! 'அப்படியானால் ஷாம்பெயின்தானே உடம்புக்கு நல்லது?' என்று கேட்டு விடாதீர்கள். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஆல்கஹால். பீரை விட இரண்டு மடங்குக்கு மேல். இந்த அளவு வரை குடித்தால் உடம்புக்குத் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே மதுவில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லி விட்டது. கர்ப்பிணிகள் ஒரு வாய் கூடத் தொடக் கூடாது.

இன்னொரு விஷயமும் சொன்னேன். 2023-ல் கல்யாண மண்டபங்களில் மது பரிமாற அனுமதி தரலாம் என்று தமிழ்நாட்டு அரசு ஓர் உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை அதிலிருந்து நீக்கி விட்டார்கள். குடியால் வீணாய்ப் போன வீடுகள் தெருவுக்கு நாலு இருக்கிற நாட்டில், பந்தியிலும் பாட்டில் வர வேண்டாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

கல்யாணப் பெண் சொன்ன பதில்

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே மல்லிகைப்பூ கட்டிக் கொண்டிருந்த பெண் திடீரென்று எழுந்து வந்தாள். "அண்ணி, என் மாமா குடித்துத்தான் செத்தார். அத்தை அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண் எதிரே பாட்டில் திறக்கச் சொல்லாதீர்கள். நுரைதானே வேண்டும்? எங்கள் ஊரிலேயே கோலி சோடா இருக்கிறது" என்றாள். குரலில் கோபமில்லை, தடுமாற்றமும் இல்லை.

பெங்களூர்ப் பெண்ணுக்கு முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. சிறிது நேரம் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மாதான், "எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரை வியாதி. சோடாவே நல்லது" என்று முடித்து வைத்தார். உள்ளே போய் அக்கா கண்ணைத் துடைத்துக் கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். நாம் ராத்திரி முழுக்கப் பயந்த விஷயத்தை இந்தக் காலத்துப் பெண்கள் நாலு வார்த்தையில் சொல்லி விடுகிறார்கள்!

சோடாக் கடைக்கு ஒரு நடை

அன்று மத்தியானமே மாமாவும் நானும் பெங்களூர்ப் பெண்ணும் வாலாஜாபாத் பக்கம் சோடாக் கம்பெனி ஒன்றைத் தேடிப் போனோம். கம்பெனி என்றால் பயந்து விடாதீர்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மிஷின், அடுக்கடுக்காய்ப் பாட்டில் பெட்டிகள். அவ்வளவுதான்.

பச்சை நிறப் பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஊற்றி மிஷினில் பொருத்துகிறார்கள். வாயுவைத் திறந்து விட்டு, பிடியைச் சுற்றினால் பாட்டில்கள் தலைகீழாகப் புரள்கின்றன. தண்ணீரில் வாயு கரைகிறது. தலைகீழாய் இருக்கும்போது கோலி கழுத்துக்கு வந்து விழுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்கி விடுகிறது. மூடியும் இல்லை, தக்கையும் இல்லை! இந்தப் பாட்டிலை 1870-களில் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் கண்டுபிடித்தார். ஜப்பானில் 'ராமுனே' என்ற பானம் இன்றைக்கும் இதே மாதிரி கோலி பாட்டிலில்தான் வருகிறது. தண்ணீரில் வாயுவைக் கரைக்கும் வித்தை அதற்கும் முந்தியது. 1767-ல் ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர், மது வடிக்கும் தொட்டியின் மேல் எழும் வாயுவைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்ததில் தொடங்கியது. ஆக, ஷாம்பெயினில் பொங்குவதும் நம் சோடாவில் பொங்குவதும் ஒரே கரியமில வாயுதான். ஒன்றில் புளிப்பால் வருகிறது, மற்றதில் சிலிண்டரால் வருகிறது.

சோடாக்காரர் ஒரு பன்னீர் சோடாவை எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்து, கட்டை விரலால் அமுக்கச் சொன்னார். இரண்டு தரம் முயன்றும் முடியவில்லை. மூன்றாவது தரம் 'டப்'பென்று ஒரு சத்தம், புஸ்ஸென்று நுரை. "அட! இதற்கும் சத்தம் வருகிறதே!" என்று சிரித்து விட்டாள். அவளே வீடியோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினாள்.

கோலி சோடாவுக்கு நடுவில் கெட்ட காலம் வந்தது. 1977-ல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993-ல் திரும்பி வந்த பிறகு, கிராமத்துப் பெட்டிக் கடையில் கூட பிளாஸ்டிக் பாட்டில்தான். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் மார்ச் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது உள்ளூர்ச் சோடாவுக்கும், விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் திராட்சை வாசனை பொவன்டோவுக்கும் மறுபடி மவுசு வந்தது.

எதை எப்போது குடிக்கலாம்?

சகோதரிகள் குறித்து வைத்துக்கொள்ளச் சில விஷயங்கள்:

தினப்படிக்கு: வெறும் சோடா போதும். சர்க்கரை கிடையாது. அரை மூடி எலுமிச்சம்பழமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் வெயிலுக்கு அமிர்தம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை விட்டு விடுங்கள். இஞ்சிச் சாறு நாலு சொட்டு விடலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சோடாவே ஆகாது, எரிச்சலை அதிகமாக்கும்.

விருந்தாளி வந்தால்: நன்னாரி சோடா. இரண்டு மேஜைக் கரண்டி நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு, கடைசியில் சோடா. சோடாவை எப்போதும் கடைசியில், டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். கரண்டி போட்டுக் கலக்கினால் நுரையெல்லாம் போய் விடும். சோடா எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் நுரை நிற்கும்.

விசேஷத்துக்கு: பன்னீர் சோடா. நம் வீட்டுக் கல்யாண வாசலில் பன்னீர் தெளித்துத்தானே வரவேற்கிறோம்! அதே வாசனை டம்ளரிலும் வந்தால் பொருத்தம்தான். வீட்டில் செய்ய, ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டுப் பாகு கம்பிப் பதம் வருமுன் இறக்கி, ஆறியபின் நாலு மேஜைக் கரண்டி பன்னீரும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேருங்கள். சமையலுக்கென்று விற்கும் பன்னீராக இருக்கட்டும். முகத்துக்குப் பூசவும் வாசலில் தெளிக்கவும் விற்பதை வாயில் வைக்கக் கூடாது.

சர்க்கரைக் கணக்கு: 200 மில்லி இனிப்புச் சோடாவில் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நாலைந்து டீஸ்பூன். பெரியவர்கள் நாள் முழுவதற்கும் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. குழந்தை இரண்டு கலர் குடித்தால் கணக்கு அங்கேயே முடிந்து விட்டது. போதாததற்கு அதிலுள்ள அமிலம் பல்லின் மேல் பூச்சை அரிக்கும். குடித்தபின் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது: பாட்டிலின் அடியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். திரும்பத் திரும்ப நிரப்பும் பாட்டில் என்பதால் கழுவுவதுதான் முக்கியம். ரப்பர் வளையம் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, எந்தத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாட்டிலை வெயிலில் வைத்தால் வெடிக்கும். கீறல் விழுந்த பாட்டிலைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நெஞ்சில் வலி, வியர்வை, இடது கையில் குடைச்சல் என்றால் 'வாயுதான்' என்று சோடா வாங்கி வர ஆள் அனுப்பாதீர்கள். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஒரு மணி நேரம் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். வந்தது மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காலம் கடந்து விட்டது. ஏப்பம் வந்தால் எல்லாம் சரியாகி விடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறதோ! உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று

நூற்றைம்பது பேருக்கு ஏழு பெட்டி சொன்னோம். நாலு பெட்டி பன்னீர், மூன்று பெட்டி வெறும் சோடா. சர்க்கரைக்காரர்களுக்குத் தனி மேஜையில் எலுமிச்சை சோடா. மாப்பிள்ளையின் அப்பா அதில் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். மோதிரம் மாற்றியதும் பையன்கள் பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் கோலியை அமுக்கினார்கள். கூடம் முழுக்க 'டப் டப்'பென்ற சத்தமும் பன்னீர் வாசனையும்தான்! போட்டோவும் நன்றாகவே விழுந்தது. அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்து, தன் கையால் நெய்த அரக்கு நிறச் சேலையைப் பெண்ணுக்குக் கொடுத்தாள். மொத்தச் சோடாச் செலவும் ஒரு நிஜ ஷாம்பெயின் பாட்டில் விலைக்கு எட்டவில்லை என்று மாமா கணக்குப் போட்டுச் சொன்னார்.

தென்னேரிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு

காஞ்சிபுரத்திலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வாலாஜாபாத் வந்து, அங்கிருந்து சுங்குவார்சத்திரம் பஸ் பிடிக்கலாம். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஏரி அழகாக இருக்கும். கரையில் வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு. குடையும் குடிதண்ணீரும் கொண்டு போங்கள். ஏரியில் ஆழம் தெரியாமல் குழந்தைகளை இறங்க விடாதீர்கள். திரும்பும் வழியில் எங்கேயாவது கோலி சோடா கண்ணில் பட்டால் இறங்கி ஒன்று குடியுங்கள். காலி பாட்டிலை மறக்காமல் கடைக்காரரிடமே கொடுத்து விடுங்கள். அந்தப் பாட்டில் திரும்பி வந்தால்தான் நாளைக்கு அவர் பிழைப்பு ஓடும்.